பழைய தோட்டப் படமும் பாகூர் நீரும்

பாகூர், வில்லியனூர் பக்கத்துப் பழைய மிராசு வீடுகளில் கூடத்துச் சுவரில் தோட்டத்தின் படம் தொங்குவதுண்டு. படத்தில் நிற்கும் பெரியவர் யார் என்றுதான் பலரும் விசாரிப்பார்கள். விவசாயி பார்க்க வேண்டியது அவருக்குப் பின்னால் தெரியும் கிணற்றடியை.

ஏற்றம் தெரிந்தால் நீர் மேலேயே கிடந்தது என்று பொருள். கவலை பூட்டியிருந்தால் சற்று ஆழம். மாடும் இல்லாமல் ஆளும் இல்லாமல் இரும்புக் குழாயிலிருந்து நீர் கொட்டுகிறதா? அது ஆர்ட்டீசியன் கிணறு.

பிரெஞ்சு ஆட்சியில், 1870களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் இக்கிணறுகளைப் போடத் தொடங்கினார்கள். மேற்கே மேட்டு நிலத்தில் பெய்யும் மழை, கடலூர் மணற்கல் அடுக்கில் இறங்கிக் கிழக்கே சரிகிறது. மேலே களிமண் மூடியிருப்பதால் நீர் அழுத்தத்தோடு நிற்கும். துளை போட்டால் தானே பொங்கும். 1884-ல் பாகூர், அரங்கனூர், கன்னியக்கோவில் பகுதியில் துளைத்தபோது பழுப்பு நிலக்கரியும் இருப்பதைக் கண்டார், போய்லே என்ற பிரெஞ்சுப் பொறியாளர். நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கறுப்புத் துகள் வந்தது இதற்கு அரை நூற்றாண்டு பின்னால்தான். நெய்வேலியில் சுரங்கம் வந்தது. பாகூர்க் கரி இன்னும் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. விளைநிலம் பிழைத்தது என்று சொல்பவர்களும் உண்டு.

நிலம் பிழைத்தது, நீர் பிழைக்கவில்லை. மின்மோட்டார்கள் பெருகின, கரும்புக்கும் நெல்லுக்கும் இரவு பகலாக இறைத்தார்கள். அழுத்தம் குறைந்து, பொங்கிய குழாய்கள் ஓய்ந்தன. கடலோரக் கிராமங்களில் உப்பு நீர் உள்ளே புகுந்தது.

1999-ல் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. ஏரி நிறைந்தால் பக்கத்துத் திறந்த கிணறுகளில் நீர் ஏறும். ஆழ்துளைக் கிணற்றுக்கு அது போதாது. அதற்கு மேற்கு மேட்டில் மழை இறங்க வேண்டும். ஆகவே படத்தில் இருப்பது எந்தக் கிணறு என்று பிரித்தறிவது முக்கியம்.

வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே படம் எடுத்த ஆண்டைக் கேட்டுப் பின்புறம் எழுதி வையுங்கள். கிணற்றின் அன்றைய ஆழம் நினைவிருந்தால் அதையும் குறியுங்கள். அதே தோட்டத்தில் மீண்டும் மா, எலுமிச்சை வைக்க நினைப்பவர்கள் முதலில் நீரை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். எலுமிச்சை உப்பைத் தாங்காது, மாவும் அப்படியே. நீர் கரிப்பானால் தென்னை வைக்கலாம்.