சேற்றைத் தொட்டுப் பிழைக்கும் பறவைகள்

கலங்கிய தண்ணீரில் கண்ணை நம்பி இரை தேட முடியாது. அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் அங்கே அலகை நம்புகின்றன.

அரிவாள் மூக்கனின் அலகு நீண்டு, கீழ்நோக்கி வளைந்திருக்கும். அதன் நுனி எலும்பில் நுண்ணிய குழிகள்; அவற்றுக்குள் தொடு உணர்வு தரும் நரம்பு முனைகள். சேற்றில் அலகைக் குத்திக் குத்தி எடுக்கும்போது புழுவின் சிறு நெளிவுகூடத் தெரிந்துவிடும். கரண்டிவாயன் தட்டையான அலகைச் சற்றே திறந்து தண்ணீருக்குள் விட்டு, தலையை இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். சிறு மீனோ இறாலோ பட்ட கணமே அலகு மூடிக்கொள்ளும். இரவிலும் இப்படி மேய முடியும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு இந்தக் கரண்டி கிடையாது. குட்டையாக, நேராக இருக்கும் அலகு வளர வளரத்தான் நுனியில் அகலும்.

உருவம் வேறானாலும் இரண்டும் ஒரே குடும்பம். கரண்டிவாயனில் உலகெங்கும் 6 இனங்கள், அரிவாள் மூக்கனில் ஏறத்தாழ 30. செங்கால் நாரை, மஞ்சள் மூக்கு நாரை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் இவற்றை வைத்திருந்த அறிவியலாளர்கள், மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு கொக்கும் கூழைக்கடாவும் உள்ள வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரே வரிசை என்றாலும், கொக்கு கழுத்தை மடக்கிப் பறக்கும். இவை நீட்டிப் பறக்கும்.

சேற்றில் உயிர் இருந்தால்தான் இவற்றுக்குச் சோறு. ஜப்பானின் கொண்டை அரிவாள் மூக்கனுக்கு நேர்ந்தது இதற்குச் சான்று. ‘தோக்கி’ என்று ஜப்பானியர் அழைக்கும் இந்தப் பறவை ஒரு காலத்தில் ஜப்பான், கொரியா, சீனா எங்கும் வயல்களில் மேய்ந்தது. இறகுக்காக வேட்டையாடினார்கள், பின்னர் பூச்சிமருந்து வயலின் சிற்றுயிர்களைக் கொன்றது. 1981-இல் சாதோ தீவில் எஞ்சியிருந்த ஐந்து பறவைகளையும் காப்பதற்காகப் பிடித்துக் கூண்டில் விட்டார்கள். அவை பெருகவில்லை.

அதே ஆண்டு சீனாவின் ஷான்ஷி மாகாணத்தில், யாங் மாவட்டத்து மலைப்பகுதியில் ஏழு பறவைகளைக் கண்டுபிடித்தார்கள். நான்கு பெரியவை, மூன்று குஞ்சுகள். உடனே அங்கே வேட்டைக்கும், கூடு உள்ள மரங்களை வெட்டுவதற்கும், வயலில் பூச்சிமருந்து அடிப்பதற்கும் தடை வந்தது. குளிர்காலத்திலும் வயல்களில் தண்ணீர் நின்றது.

1999-இல் சீனா ஒரு ஜோடியை ஜப்பானுக்குப் பரிசளித்தது. அதே ஆண்டு குஞ்சு பொரித்தது. 2008-இல் பத்துப் பறவைகள் சாதோ தீவின் திறந்த வானில் விடப்பட்டன. 2012-இல் அங்கே இயற்கையாகவே குஞ்சுகள் பிறந்தன. அத்தீவின் விவசாயிகள் மருந்தைக் குறைத்து, வயலோரம் வாய்க்கால் வெட்டி, மீனும் தவளையும் வாழ வழி செய்தார்கள். அந்த நெல்லை இந்தப் பறவையின் பெயராலேயே விற்கிறார்கள். இன்று ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கும் இந்த இனம் முழுவதும் அந்த ஏழு பறவைகளின் வம்சம்.

கருமுகக் கரண்டிவாயனும் இப்படித் தப்பியதுதான். கொரியாவின் மேற்குக் கடலோரத் தீவுகளில் கூடுகட்டி, தைவான், ஹாங்காங் சதுப்புகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் இந்தப் பறவை 1980-களின் இறுதியில் சுமார் முந்நூறுதான் இருந்தது. அந்தச் சதுப்புகளைக் காத்ததால் இன்று 6,000-க்கும் மேல்.

தமிழகத்தில் வெள்ளை அரிவாள் மூக்கனையும் கரண்டிவாயனையும் வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் பார்க்கலாம். வேடந்தாங்கல் மக்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடக் கூடாது என்று கம்பெனி ஆட்சியின் கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை.

ஆனால் ஏரியில் இருப்பது கூடு மட்டும்தான். இரை இருப்பது சுற்றியுள்ள வயல்களிலும் குட்டைகளிலும். 2020-இல் வேடந்தாங்கல் சரணாலயத்தின் எல்லையை ஐந்து கிலோமீட்டரிலிருந்து மூன்றாகச் சுருக்கும் யோசனைக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது அதனால்தான். ஏரியைக் காத்துவிட்டு வயலைக் கைவிட்டால் பறவை பிழைக்காது. சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மருந்தைக் குறைத்துப் பயிரிடும் விவசாயிக்கு நல்ல விலையும் அரசின் ஆதரவும் கிடைக்க வேண்டும். சாதோ தீவில் அது நடந்திருக்கிறது. இங்கேயும் நடக்க வேண்டும்.