விலை விளம்பரமும் வாய்மையும்

கார் விற்பனை விளம்பரங்களில் பெரிய எழுத்தில் நாம் காண்பது பெரும்பாலும் ‘எக்ஸ் ஷோரூம்’ விலையே. சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியன சேர்ந்ததே ‘ஆன் ரோடு’ விலை. இவ்வேறுபாட்டை அறியாது முன்பணம் செலுத்தும் குடும்பம் எதிர்பாராக் கடனுக்கு ஆளாக நேரும்.

முக்கியச் செய்தியை வேண்டுமென்றே மறைப்பதும் ஏமாற்று விளம்பரமே என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதனை நிறுத்தவோ திருத்தவோ வணிகருக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆணையிடலாம். 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, அறிவித்த விலையில் விற்கும் வாய்ப்பின்றி ஆசை காட்டுதல் கூடாது. அடிக்குறிப்பும் விளம்பரத்தின் மொழியிலேயே அமைதல் வேண்டும். ஆகவே, விலையைத் தமிழில் கூறி, நிபந்தனையை ஆங்கிலத்தில் ஒளித்தல் முறையன்று.

முன்பணம் செலுத்துமுன் முழு விலையையும் எழுத்தில் கேட்டுப் பெறுவோம். வினவுவோர் பெருகின் வாணிகத்தில் வாய்மையும் பெருகும்.