சிங்கப்பூரில் கப்பல் ஏறப் போறீங்களா? விசாவில் இந்த ஒரு வரியை முதலில் பாருங்க!

கையில் டிக்கெட் இருக்கு, பாஸ்போர்ட் இருக்கு, சிங்கப்பூர் விசாவும் இருக்கு. அப்படியும் சொகுசுக் கப்பலில் ஏற முடியாமல் துறைமுகத்திலேயே நிற்க வேண்டி வருமா? வரும். விசாவில் 'சிங்கிள் ஜர்னி' என்று போட்டிருந்தால் அப்படித்தான் ஆகும்.

தமிழ்நாட்டில் இருந்து குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறவர்கள், கூடவே பினாங்கு, புக்கெட் என்று 3, 4 நாள் கப்பல் பயணத்தையும் சேர்த்துக்கொள்வது இப்போது சகஜம். ஆனால் ஏர்போர்ட் பழக்கத்தை மனசில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனால் சில இடங்களில் மாட்டிக்கொள்வோம்.

ஏன் இரண்டு முறை நுழைவு?

கணக்கு ரொம்ப சிம்பிள். சென்னையில் இருந்து விமானத்தில் போய் சாங்கி ஏர்போர்ட்டில் இறங்குகிறீர்கள். அது முதல் நுழைவு. கப்பல் ஏறும்போது இமிகிரேஷனில் நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகப் பதிவாகும். நாலு நாள் கழித்து அதே கப்பல் அதே துறைமுகத்துக்குத் திரும்பும்போது, நீங்கள் மறுபடியும் ஒரு நாட்டுக்குள் புதிதாக நுழைகிறீர்கள். 'நான் எங்கேயும் போகலையே, கப்பல்லதானே இருந்தேன்' என்று சொன்னால் எடுபடாது. அதனால் விசாவில் 'மல்டிபிள் ஜர்னி' என்று இருக்க வேண்டும். ஏஜெண்ட் பிடிஎஃப் அனுப்பியதும் பெயரையும் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். இந்த வரியையும் பாருங்கள்.

இதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இமிகிரேஷன் அதிகாரி அல்ல. அதற்கு முன்பே, கப்பல் நிறுவனத்தின் செக்-இன் கவுண்டர்தான். சரியான ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றிச் சென்றால், அவரைத் திருப்பி அனுப்பும் செலவும் அபராதமும் நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் அவர்கள் கறாராகத்தான் இருப்பார்கள். அங்கே ஏற்ற மறுத்துவிட்டால், டிக்கெட் பணம் பொதுவாகத் திரும்பி வராது.

இன்னொன்று. 'புக்கெட்டில் நான் இறங்கவே மாட்டேன், எனக்கு எதுக்கு அந்த நாட்டு விதிமுறை?' என்று சிலர் கேட்பார்கள். கப்பல் நிற்கும் எல்லா நாடுகளுக்கும் உரிய ஆவணம் வேண்டும் என்பதே பெரும்பாலான நிறுவனங்களின் நிபந்தனை. நீங்கள் இறங்குவதும் இறங்காததும் அவர்களுக்கு ஒன்றுதான். எந்த நாட்டுக்கு விசா வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது அடிக்கடி மாறுவதால், புக் செய்யும்போது ஒருமுறையும் கிளம்பும் வாரத்தில் ஒருமுறையும் பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் பயணம் முடியும் தேதியில் இருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

வருகை அட்டை: இதுவும் இரண்டு முறை

சிங்கப்பூருக்குள் நுழைய விசா மட்டும் போதாது. எஸ்ஜி அரைவல் கார்டு என்ற ஆன்லைன் படிவத்தையும், வந்து சேரும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். விமானத்தில் போகும்போது ஒன்று, கப்பலில் திரும்பும்போது இன்னொன்று. நடுக்கடலில் வைஃபைக்குத் தனியாகக் காசு கேட்பார்கள் என்பதால், கப்பல் கடைசியாக நிற்கும் ஊரிலேயே இதை முடித்துவிடுவது நல்லது. இது முழுக்க இலவசம். கட்டணம் கேட்கும் இணையதளம் என்றால் அது அரசு தளம் இல்லை என்று அர்த்தம்.

அதில் ஏஜெண்டின் இமெயில் முகவரியைப் போடாமல் உங்களுடையதைப் போடுங்கள். சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற விவரம் அந்த இமெயிலுக்குத்தான் வரும். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இதே மாதிரி டிஜிட்டல் அட்டைகள் உண்டு. அவற்றைப் பயணியே நிரப்ப வேண்டுமா, கப்பல் நிறுவனம் பார்த்துக்கொள்ளுமா என்பதை புக்கிங்கின்போதே கேட்டுவிடுங்கள்.

இனிஷியல் தகராறு

இது நம்ம ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் இருக்கும். கப்பல் புக்கிங் படிவமோ கடைசிப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. உடனே இனிஷியலைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அப்புறம் செக்-இன் கவுண்டரில் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், டிக்கெட்டில் ஒரு பெயர் என்று நிற்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். ஒரே பெயர்தான் இருக்கிறது என்றால், எப்படி எழுதுவது என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை இமெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா, பாட்டியோடு மட்டும் பேரப்பிள்ளைகள் போகிறார்கள் என்றால், பெற்றோரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும். 24 வாரத்தை எட்டும் கர்ப்பிணிகளைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை.

துறைமுகத்தில் என்ன நடக்கும்?

முதலில், எந்தத் துறைமுகம் என்று பாருங்கள். சிங்கப்பூரில் கப்பல் பயணிகளுக்கு இரண்டு முனையங்கள் உண்டு. ஒன்று ஹார்பர்ஃபிரண்டில். இன்னொன்று 2012ல் திறக்கப்பட்ட மரீனா பே குரூஸ் சென்டர். ஹார்பர்ஃபிரண்டில் தலைக்கு மேலே செந்தோசா கேபிள் கார் போவதால் ரொம்ப உயரமான கப்பல்கள் அங்கே வர முடியாது. அவை மரீனா பே பக்கம்தான் நிற்கும். டாக்ஸிக்காரரிடம் 'குரூஸ் சென்டர்' என்று மட்டும் சொன்னால் போதாது.

உள்ளே போனதும் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். ஏர்போர்ட் மாதிரி தோன்றினாலும், தவறு நடக்கும் இடம் இதுதான். அந்தப் பெட்டி சாயங்காலம்தான் உங்கள் அறை வாசலுக்கு வரும். பாஸ்போர்ட்டைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன் என்று அதை ஒப்படைத்துவிட்டால், அடுத்த கவுண்டரில் காட்ட எதுவும் இருக்காது. பல நூறு பெட்டிகளுக்கு நடுவே உங்களுடையதைத் தேட வேண்டும். பாஸ்போர்ட், விசா பிரிண்ட், சுகர், பிரஷர் மாத்திரைகள், ஒரு மாற்று உடை எல்லாம் தோளில் மாட்டும் பையில் இருக்கட்டும்.

அடுத்து செக்-இன். ஆவணங்களைப் பார்த்து, போட்டோ எடுத்து, உங்கள் பெயரில் ஒரு கார்டு தயார் செய்வார்கள். சில கப்பல்களில் அது அறைக்குப் போனதும் கிடைக்கும். அறைச் சாவி, பர்ஸ், அடையாள அட்டை எல்லாமே அந்தக் கார்டுதான். ஒவ்வொரு ஊரிலும் இறங்கும்போதும் ஏறும்போதும் அதை ஸ்கேன் செய்வார்கள். உடனே திரையில் உங்கள் முகம் தெரியும். யார் திரும்பவில்லை என்று கப்பலுக்கு உடனுக்குடன் தெரிவதும் அப்படித்தான்.

குக்கரும் ஊதுபத்தியும்

பாதுகாப்புச் சோதனையில் ஏர்போர்ட்டின் 100 மில்லி கணக்கு பொதுவாகக் கிடையாது. ஷாம்பு பாட்டிலைப் பற்றிக் கவலை வேண்டாம். இங்கே பயம் நெருப்பைப் பற்றித்தான். நடுக்கடலில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது. அதனால் அயர்ன் பாக்ஸ், எலக்ட்ரிக் கெட்டில், சின்ன ரைஸ் குக்கர், வெந்நீர் போடும் ராடு, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். சில பொருட்கள் கடைசி நாள் திரும்பக் கிடைக்கும், சில கிடைக்காது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் பல கப்பல்களில் தடை உண்டு. வீட்டில் சமைத்த புளியோதரையை அனுமதிப்பது சந்தேகம். சீல் உடைக்காத பாக்கெட் முறுக்கு என்றால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது.

இந்தக் கெடுபிடிக்கு ஒரு பின்கதை உண்டு. 1985 அக்டோபரில் அகில்லே லாரோ என்ற இத்தாலியக் கப்பல் எகிப்து அருகே கடத்தப்பட்டது. கடத்தியவர்கள் பயணிகளாகவே ஆயுதங்களோடு ஏறியவர்கள். சக்கர நாற்காலியில் இருந்த அமெரிக்கப் பயணி ஒருவர் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் பயணிகள் கப்பல் பாதுகாப்பைப் பற்றி சர்வதேச கடல்சார் அமைப்பு தீவிரமாக யோசிக்கத் தொடங்கியது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு உருவான ஐஎஸ்பிஎஸ் விதிமுறை 2004 ஜூலை 1ல் அமலுக்கு வந்தது. உலகம் முழுக்க சர்வதேசக் கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்கும் இப்போது அதுதான் அடிப்படை.

பாஸ்போர்ட்டை வாங்கிக்கிட்டாங்களே!

சில கப்பல்களில் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பதற வேண்டாம். அடுத்த நாட்டுத் துறைமுகத்தில் பயணிகள் பட்டியலோடு எல்லா பாஸ்போர்ட்டையும் மொத்தமாக அதிகாரிகளிடம் காட்டி அனுமதி வாங்கத்தான். கொடுக்கும் முன் போட்டோ பக்கத்தை மொபைலில் படம் எடுத்து, ஒரு ஜெராக்ஸும் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் சுற்ற இறங்கும்போது கப்பல் கார்டோடு அது உதவும்.

ஏறியதும் நேராக சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடத் தோன்றும். ஆனால் ஒரு வேலை பாக்கி இருக்கும்: ஆபத்துக் காலத்தில் எங்கே கூட வேண்டும் என்ற ஒத்திகை. 2012 ஜனவரி 13ல் கோஸ்டா கன்கார்டியா கப்பல் இத்தாலிக் கரையோரம் பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. 2015 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. இதைக் கேட்டால் எங்கே போக வேண்டும் என்பதை வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.

சென்னையில் இருந்தே ஏறினால்?

2022 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தது போன்ற, கடலுக்குள் போய்த் திரும்பும் உள்நாட்டுப் பயணம் என்றால் பாஸ்போர்ட் வேண்டாம். ஆதார் போன்ற அரசு அடையாள அட்டையின் ஒரிஜினல் போதும். 2023 ஜூனில் சென்னையில் இருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குக் கிளம்பியது போன்ற இலங்கைப் பயணம் என்றால் கதை வேறு. பாஸ்போர்ட், இலங்கைக்கான பயண அனுமதி, துறைமுகத்திலேயே இமிகிரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் உண்டு.

எங்கே ஏறினாலும், கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே செக்-இன்னை மூடிவிடுவார்கள். மாலை 5 மணிக்குக் கப்பல் என்றால், அன்று மதியம் சிங்கப்பூரில் இறங்கும் விமானத்தை நம்பாமல், முந்தின நாளே போய்ச் சேருவதுபோல டிக்கெட் போடுங்கள்.