கணக்கியல் வகுப்பில் ஆள் ஏன் குறைந்தது?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம் இது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கணக்கியலை எடுக்கும் மாணவர்கள் சில ஆண்டுகளாகவே குறைந்துவந்தார்கள். வேலை இல்லாமல் அல்ல. வேலை இருக்கிறது, படித்து வர ஆள்தான் போதவில்லை.

காரணம் கேட்டால் பலரும் முதலில் கைகாட்டுவது 150 கிரெடிட் விதியை. நான்கு வருட இளங்கலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட் போதும். நம் ஊர் சி.ஏ. மாதிரி அங்கே சி.பி.ஏ.; அந்த உரிமத்துக்கு நீண்ட காலமாக 150 கேட்டார்கள். 1983இல் ஃப்ளோரிடா தொடங்கிவைத்தது, மற்ற மாநிலங்களும் பிடித்துக்கொண்டன. கூடுதல் 30 கிரெடிட்டில் கணக்கியலைத்தான் படிக்க வேண்டும் என்றுகூடப் பல மாநிலங்களில் கட்டாயம் இல்லை! ஒரு வருடக் கட்டணமும் போச்சு, ஒரு வருடச் சம்பளமும் போச்சு. நிதியியல் எடுத்த நண்பன் நான்கே வருடத்தில் வேலைக்குப் போய்விடுகிறான். கணக்குப் போடத் தெரிந்த பிள்ளை இதைக் கணக்குப் போட மாட்டானா?

ஒஹாயோ மாநிலம் 2025 ஜனவரியில் இந்தச் சட்டத்தை மாற்றியது. 2026 முதல் அங்கே இளங்கலைப் பட்டம், இரண்டு வருட அனுபவம், தேர்வில் வெற்றி, இவை போதும். வேறு பல மாநிலங்களும் இதே வழியில் போகின்றன. நல்லதுதான்.

ஆனால் சட்டம் எட்டாத இடம் ஒன்று உண்டு: முதல் கணக்கியல் பாடம். வணிகம் படிக்கும் எல்லோரும் அதில் உட்கார வேண்டும்; இந்தத் துறை வேண்டுமா வேண்டாமா என்று பலர் முடிவெடுப்பதும் அங்கேதான். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு என்று உப்பில்லாமல் பரிமாறினால் யார் தங்குவார்கள்?

வேறு மாதிரியும் தொடங்கலாம். 2002இல் வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் உள்தணிக்கையாளர் சிந்தியா கூப்பரும் அவர் குழுவும் ஒரு மோசடியைக் கண்டுபிடித்தார்கள். மற்ற நிறுவனங்களின் தொலைபேசித் தடங்களுக்குக் கொடுத்த வாடகையைச் செலவில் எழுதாமல் சொத்தில் எழுதியிருந்தது நிறுவனம். செலவு குறைந்தது, லாபம் ஊதிப்போனது. முதலில் வெளிவந்த தொகையே 380 கோடி டாலருக்கு மேல். சூட்சுமம் என்னவோ முதல் மாதப் பாடம்தான்: எது செலவு, எது சொத்து? இதை முதல் நாளே சொல்லிப் பாருங்கள், பற்று வரவு தானாகப் புரியும்.

ஆனால் பல கணக்கியல் துறைகளில் அந்த முதல் பாடம் புதிதாக வந்த ஆசிரியர் தலையில் விழுகிறது. மூத்த பேராசிரியர் மேல்வகுப்புக்குப் போய்விடுகிறார். இதைத் திருப்பிப் போடாமல் துண்டுப் பிரசுரமும் உதவித்தொகையும் மட்டும் கொடுத்தால், வருகிற பிள்ளை அடுத்த பருவத்திலேயே வேறு துறைக்கு மாறிவிடுவான்.