அழிக்கும் முன் சரிபாருங்கள்!

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நாம் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு நெல்லை நகருக்குள்ளும் புகுந்தது. நிக்காஹ் வீடியோக்களையும் விழாப் பதிவுகளையும் ஒரே கணினியில் வைத்திருப்பது எத்துணை ஆபத்து என்பதை அவ்வெள்ளம் உணர்த்திற்று. மதரஸா ஆண்டு விழாப் பதிவுகளை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற நானும் அதன்பின் முனைந்தேன்.

முதலிலேயே தடை. டிஸ்க்கில் 200 ஜி.பி. இடம் காலியாக இருந்தும், 6 ஜி.பி. வீடியோ ஒன்றைக் 'கோப்பு மிகப் பெரியது' என்று கணினி மறுத்தது. குறை இடத்தில் இல்லை. டிஸ்க்கின் அமைப்பு முறையில் இருந்தது. ஃபேட் 32 என்னும் பழைய முறையில் கோப்பின் அளவைக் குறிக்க 32 பிட்டுகளே உண்டு. ஆகவே 4 ஜி.பி.யை எட்டும் தனிக்கோப்பு அதில் நுழையாது. 2006இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்ஃபேட் முறைக்கு இவ்வரம்பு இல்லை. விண்டோஸ், மேக் இரண்டும் அதனை ஏற்கும். எனினும் முறையை மாற்ற 'ஃபார்மட்' செய்தால் டிஸ்க்கில் உள்ள யாவும் அழியும். முன்னரே அவற்றை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும்.

இதனைச் சரிசெய்த நான், அடுத்துப் பெரும்பிழை செய்தேன். எடிட்டிங் கோப்பையும் கண்ணில் பட்ட சில வீடியோக்களையும் மட்டும் நகலெடுத்துவிட்டு, கணினியில் இருந்த மூலங்களை அழித்தேன். பின்னர் திறந்து பார்த்தால், மர்ஹூம் ஹஜ்ரத் ஒருவர் ஆற்றிய இறுதி உரை இருந்த இடத்தில் வெறும் சிவப்புத் திரை! எடிட்டிங் கோப்பினுள் வீடியோ இருப்பதில்லை. அது எங்கே இருக்கிறது என்ற முகவரியே இருக்கிறது. அவ்வுரை வேறொரு ஃபோல்டரில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. இன்று ஒரு பெற்றோரின் கைபேசியில் பதிவான குரல் மட்டுமே எஞ்சியுள்ளது.

ஆதலால் வீடியோ, ஒலி, படம், எடிட்டிங் கோப்பு அனைத்தையும் முதலில் ஒரே ஃபோல்டரில் சேருங்கள். 'கட்' செய்யாதீர்கள், 'காப்பி' செய்யுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நீண்ட பெயர்கள் வேண்டா. முழு முகவரி 260 எழுத்துகளைத் தாண்டினால் விண்டோஸ் பெரும்பாலும் மறுக்கும். நகல் பாதியில் நின்றால் கேபிளை மாற்றி, கணினியிலேயே நேராகச் செருகிப் பாருங்கள். முறைப்படி 'எஜெக்ட்' செய்த பின்னரே டிஸ்க்கைக் கழற்றுங்கள்.

முடிவில் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இருபுறமும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வேறொரு கணினியில் டிஸ்க்கைச் செருகி, வீடியோவைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஓடவிடுங்கள். அதன் பின்னரும் ஒரு நகலோடு நின்றுவிடாமல், மற்றொன்றை மேட்டுப் பகுதியிலுள்ள உறவினர் இல்லத்தில் வையுங்கள்.

பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த பதிவும் ஓர் அமானிதமே. அழிப்பதற்கு ஒரு நொடி போதும். சரிபார்க்க ஒரு மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரத்தை நான் செலவிடத் தவறினேன், நீங்கள் தவறாதீர்கள்.