கோல்ப் ‘அயர்ன்’ மட்டை வாங்க போறீங்களா? காசு கொடுக்கும் முன் ஒரு சாக்பீஸ் வாங்குங்க!

ஊட்டி,

‘அயர்ன்’ என்றதும் இஸ்திரி பெட்டி ஞாபகம் வருகிறதா? இது அது இல்லை. கோல்ப் விளையாட்டில் இரும்பு தலை வைத்த மட்டைக்குத்தான் அயர்ன் என்று பெயர்.

பணக்காரங்க ஆட்டம், நமக்கு எதுக்கு இந்த சமாச்சாரம் என்று தள்ளி விட்டு போகாதீங்க. ஊட்டி, கொடைக்கானல், கோவை செட்டிபாளையம், சென்னை நந்தனம் என்று கோல்ப் மைதானம் இருக்கிற இடங்களில் எல்லாம் பை தூக்குகிறவர், புல் வெட்டுகிறவர், பந்து பொறுக்குகிறவர் எல்லாரும் நம்ம ஆளுங்கதான். பை தூக்குகிறவரை ‘கேடி’ என்பார்கள். போலீஸ் ஸ்டேஷன் போர்டில் போட்டோ ஒட்டுகிற கேடி இல்லை!

சும்மா பை தூக்கியே காலம் தள்ளாமல், லீவு நாளில் தானும் நாலு பந்து அடித்து முன்னுக்கு வந்த கேடிகள் நிறைய பேர். அவர்களுக்கு வருகிற முதல் கேள்வியே ‘எந்த அயர்ன் வாங்குறது?’ என்பதுதான். இதில் ஏமாந்து போனவர்களில் என் சித்தப்பா பையனும் ஒருத்தன்.

ஓட்டு காசு போச்சு!

மலையில் ஒரு மைதானத்தில் அவன் கேடி. சித்தி தேயிலை பறிக்கிறாங்க. ஒரு சீசன் முழுக்க ஓடி ஓடி சேர்த்த 18 ஆயிரம் ரூபாய், மழைக்கு முன் வீட்டு கூரையை மாத்த வைத்திருந்த பணம். மைதானத்துக்கு வந்த ஒருத்தர், ‘டைகர் உட்ஸ் அடிக்கிற மாதிரி மட்டை, சும்மா கொடுக்குறேன்’ என்று பளபளப்பான பழைய செட் ஒன்றை காட்ட, மொத்த பணத்தையும் கொடுத்து விட்டான்.

அப்புறம்தான் வேதனை. பத்து பந்து அடித்தால் ஏழு பந்து தரையோடு உருண்டது. மணிக்கட்டு ‘ஜிவ்’வென்று வலித்தது. 2 மாசம் பார்த்து விட்டு, ‘அண்ணே, எனக்கு கோல்ப் வராதுண்ணே’ என்று மட்டையை மூலையில் போட்டு விட்டான். கூரை அந்த மழையிலும் ஒழுகியது.

தப்பு அவன் கையில் இல்லை. மட்டையில்தான். அது எப்படி என்று பார்ப்போம்.

நம்பர் என்றால் என்ன?

அயர்ன் மட்டையின் அடியில் ஒரு நம்பர் இருக்கும். பொதுவாக 4 அல்லது 5-ல் ஆரம்பித்து 9 வரை போகும். அதற்கப்புறம் ‘பிட்சிங் வெட்ஜ்’.

நம்பர் சின்னதாக இருந்தால் கம்பு நீளம், முகம் கொஞ்சம் நிமிர்ந்து இருக்கும். பந்து தாழ்வாக, ரொம்ப தூரம் போகும். நம்பர் பெரிசாக இருந்தால் கம்பு குட்டை, முகம் மல்லாந்து இருக்கும். பந்து உயரமாக எழும்பி பக்கத்திலேயே விழும். முகம் மல்லாந்து இருக்கிற அந்த கோணத்தைத்தான் ‘லாப்ட்’ என்கிறார்கள். நல்லா அடிக்கிறவருக்கு ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் 10 முதல் 15 கெஜம் வித்தியாசம் வரும்.

சின்ன நம்பர் அடிக்கத்தான் கஷ்டம். அமெரிக்க வீரர் லீ டிரெவினோ 1975-ல் சிகாகோ பக்கம் நடந்த போட்டியில் மின்னல் தாக்கி பிழைத்தவர். ‘இடி இடிச்சா 1-ம் நம்பர் அயர்னை மேலே தூக்கி பிடிங்க, கடவுளுக்கே அதை அடிக்க வராது’ என்று அவர் ஜோக் அடிப்பார் என்பது கோல்ப் வட்டாரத்தில் பிரபலம். இப்போது 3, 4-ம் நம்பருக்கு பதிலாக ‘ஹைபிரிட்’ என்ற குண்டு தலை மட்டையை பலரும் வைத்துக் கொள்கிறார்கள். புதுசா பழகுகிறவருக்கு அதுதான் சுலபம்.

‘பிளேடு’ ஒரு ரகம், குழி ஒரு ரகம்

அயர்னை திருப்பி முதுகு பக்கம் பாருங்க. ரெண்டு ரகம் தெரியும்.

முதுகு வழவழவென்று, தலை சின்னதாக, மெல்லிசாக இருந்தால் அது ‘பிளேடு’. நடுவில் பட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கும். கொஞ்சம் விலகி பட்டால் போச்சு. டைகர் உட்ஸ் அடிப்பது இந்த ரகம்தான். என் தம்பி வாங்கினதும் இதுதான்.

முதுகில் பள்ளம் தோண்டி, சுற்றி விளிம்பு தடிமனாக இருந்தால் அது ‘கேவிட்டி பேக்’. எடையை நடுவில் இருந்து எடுத்து ஓரத்துக்கு கொண்டு போயிருப்பார்கள்.

ஓரத்துக்கு கொண்டு போனா என்ன லாபம்? காவடி கம்பை நினைச்சு பாருங்க. ரெண்டு குடத்தையும் கம்பின் நடுவில் சேர்த்து தொங்க விட்டால், ஒரு முனையை தட்டினாலே கம்பு சுற்றி விடும். ரெண்டு முனையிலும் தொங்க விட்டால் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. மட்டை தலையும் அப்படித்தான். பந்து ஓரத்தில் பட்டாலும் தலை திரும்பாமல் நிற்கும். பந்து கொஞ்சம் தூரம் குறைந்தாலும் நேராக போகும். கையும் வலிக்காது.

இந்த யோசனையை ஊருக்கெல்லாம் கொண்டு போனவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் என்ஜினீயராக இருந்தவர். அவர் ஆரம்பித்த ‘பிங்’ கம்பெனி 1982-ல் கொண்டு வந்த ‘ஐ 2’ அயர்ன் சக்கை போடு போட்டது. இன்றைக்கு போட்டிகளில் ஆடுகிற தொழில்முறை வீரர்களிலேயே பலர் கேவிட்டி பேக்தான் வைத்திருக்கிறார்கள். அப்புறம் நமக்கு எதுக்கு பிளேடு?

உங்க ஆட்டத்துக்கு எது?

18 குழி மைதானத்தில் சாதாரணமாக 72 அடியில் முடிக்க வேண்டும் என்பது கணக்கு. நீங்க எத்தனை அடியில் முடிக்கிறீங்க என்று மனசாட்சியோட எண்ணுங்க. 90 என்றால் 18 அடி கூடுதல். இந்த கூடுதலை வைத்து போடுகிற கணக்குத்தான் ‘ஹேண்டிகேப்’. 2020-ல் வந்த உலக பொது முறையில் இது 54 வரை போகலாம். குறைய குறைய ஆட்டம் நல்லா இருக்கு என்று அர்த்தம்.

* 100-க்கு மேல் ஆகிறதா? பெரிய தலை, அகலமான அடிப்பாகம், ஆழமான குழி உள்ள கேவிட்டி பேக் வாங்குங்க. அடிப்பாகம் அகலமாக இருந்தால் மட்டை மண்ணில் புதையாமல் வழுக்கி போகும். பார்க்க குண்டாக இருக்கும், வெட்கப்படாதீங்க.

* 85-ல் இருந்து 100-க்குள்? கேவிட்டி பேக்தான். ஆனால் தலையும் அடிப்பாகமும் கொஞ்சம் சின்னதாக இருக்கலாம்.

* 80-க்கு கீழே வந்து, நினைத்த பக்கம் பந்தை வளைக்க தெரியுமா? அப்போது மெல்லிய கேவிட்டி பேக்கோ, பிளேடோ உங்க இஷ்டம்.

சாக்பீஸ் டெஸ்ட்

எண்ணவே தெரியலையா? பள்ளிக்கூட சாக்பீஸை ஈரமாக்கி மட்டை முகத்தில் தேய்த்து காய விடுங்க. பந்தை அடித்தால் பட்ட இடத்தில் தடம் விழும். துடைத்து, மறுபடி தேய்த்து, பத்து பந்து அடிங்க.

நடுவில் பெரிய நாணயம் அளவு இடத்தில் ஏழெட்டு தடம் விழுந்தால் நீங்க கெட்டிக்காரர். முகம் முழுக்க அம்மை போட்ட மாதிரி சிதறி கிடந்தால் பிளேடு பக்கமே போகாதீங்க. என் தம்பிக்கு ஒரு பெரியவர், 30 வருஷமா பை தூக்குகிற கேடி, இந்த டெஸ்ட்டை செய்து காட்டினார். நடுவில் ரெண்டே ரெண்டு தடம்!

7-ம் நம்பர் எல்லாம் ஒரே 7 இல்லை!

‘இந்த மட்டையில 7-ம் நம்பர் 20 கெஜம் கூட போகுது’ என்று விற்கிறவர் அடித்து காட்டுவார். மயங்காதீங்க. பழைய செட்டுகளில் 7-ம் நம்பர் லாப்ட் 34, 36 டிகிரி இருந்தது. இப்போது வருகிற பல கேவிட்டி பேக் செட்டுகளில் 30 டிகிரிக்கும் கீழே. அதாவது பழைய 5-ம் நம்பர் மேல் 7 என்று எழுதின மாதிரி. எடையை கீழே இறக்கி இருப்பதால் பந்து எழும்புகிறது, அது நல்லதுதான். ஆனால் நம்பரை பார்த்து ஒப்பிடக்கூடாது, டிகிரியை கேளுங்க. இந்த மாதிரி செட் வாங்கினால் பிட்சிங் வெட்ஜுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவில் இடைவெளி விழும். நடுவில் இன்னொரு வெட்ஜ் வாங்க வேண்டி வரும்.

இன்னொன்று. ஊட்டி 7 ஆயிரம் அடிக்கு மேல் உயரம். காற்று அடர்த்தி குறைவு என்பதால் பந்து கூடுதல் தூரம் பறக்கும். இங்கே அடித்த தூரத்தை நம்பி கோவையில் அடித்தால் பந்து முன்னாடியே விழும். தூரத்தை கீழேதான் சரி பார்க்கணும்.

கம்பை மறக்காதீங்க

தலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்தான் அதிகம். கம்புதான் பாதி ஆட்டம்.

ஸ்டீல் கம்பு கனம். உழைச்ச கைக்கு பிரச்சினை இல்லை, விலையும் குறைவு. கிராபைட் கம்பு லேசு. வயசானவர், மெதுவாக சுழற்றுகிறவர், முழங்கை வலி உள்ளவருக்கு அது நல்லது.

கம்பு வளைகிற அளவுக்கு ஒரு எழுத்து போட்டிருக்கும். ‘ஆர்’ என்றால் சாதாரணம், ‘எஸ்’ என்றால் விறைப்பு. 7-ம் நம்பரில் சுமார் 150 கெஜத்துக்குள் அடிக்கிறவருக்கு ‘ஆர்’ போதும். விறைப்பான கம்பு வாங்கினால் வீரன் ஆகி விட முடியாது. பந்து எழும்பாது, அவ்வளவுதான்.

உயரமும் முக்கியம். வெளிநாட்டு ஆள் உயரத்துக்கு செய்த மட்டை, அஞ்சடி மூணு அங்குல ஆளுக்கு நீளமாக இருக்கலாம். மட்டையின் அடியில் டேப் ஒட்டி, பலகை மேல் வைத்த பந்தை அடித்து பாருங்க. டேப்பில் கீறல் கம்பு பக்கமாக விழுந்தால் மட்டை உங்களுக்கு ரொம்ப நிமிர்ந்து இருக்கிறது, வலது கைக்காரருக்கு பந்து இடது பக்கம் ஓடும். நுனி பக்கமாக விழுந்தால் இதற்கு நேர் எதிர். கடைக்காரர் வளைத்து சரி செய்யலாம். அவசரப்பட்டு கம்பை வெட்டாதீங்க, திரும்ப ஒட்ட முடியாது.

14 மட்டையும் வேண்டாம்

விதிப்படி பையில் அதிகபட்சம் 14 மட்டை வைக்கலாம். கட்டாயம் 14 வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பழகுகிறவருக்கு 5, 7, 9, ஒரு சாண்ட் வெட்ஜ், ஒரு புட்டர், தூரத்துக்கு ஒரு ஹைபிரிட். 6 மட்டை தாராளம்.

ஸ்பெயின் வீரர் செவ் பாலஸ்டிராஸ் சின்ன வயசில் கடற்கரை மணலில் ஒரே ஒரு 3-ம் நம்பர் அயர்னை வைத்து பழகியவர். அவர் பிரிட்டிஷ் ஓபன் பட்டத்தை 3 முறை, மாஸ்டர்ஸ் பட்டத்தை 2 முறை வென்றார்.

செகண்ட் ஹேண்டில் உஷார்!

பெரிய கம்பெனி புது செட் 50 ஆயிரத்தை தாண்டும், லட்சத்தையும் தொடும். நமக்கு செகண்ட் ஹேண்டுதான் கட்டுபடி ஆகும். வாங்கும் முன் இதை பாருங்க:

* முகத்தில் உள்ள கோடுகள் நகத்தில் தட்டுப்படுதா? வழுக்கினால் தேய்ந்து விட்டது.

* தலையும் கம்பும் சேரும் இடத்தில் விரிசல் இருக்கா? ஆட்டினால் சத்தம் வருதா?

* ஸ்டீல் கம்பில் துரு, நசுங்கல் இருந்தால் வேண்டாம்.

* எல்லா மட்டையையும் சுவரில் சாய்த்து நம்பர் வரிசையில் வைங்க. அரை அங்குலம் அரை அங்குலமாக படிக்கட்டு மாதிரி இறங்கணும். நடுவில் ஒன்று எகிறினால் அது வேற செட்.

* பெரிய கம்பெனி பெயரில் புத்தம் புது செட் அடிமாட்டு விலைக்கு வந்தால் டூப்ளிகேட் என்று சந்தேகப்படுங்க. எழுத்து, பெயின்ட், எடை எல்லாவற்றையும் அசல் மட்டையோடு ஒப்பிட்டு பாருங்க.

* பிடி தேய்ந்திருந்தால் பரவாயில்லை. மாத்திக்கலாம், அந்த செலவை விலையில் கழிச்சு கேளுங்க.

முதல் வேலையா, ரெண்டு நாள் இரவல் வாங்கி அடித்து பார்த்து விட்டு காசு கொடுங்க. கொடுக்க மாட்டேன் என்றால் நடையை கட்டுங்க.

கேடியில் இருந்து சாம்பியன்

டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-லும் 1993-லும் இந்தியன் ஓபன் பட்டம் வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை வென்றார். கொல்கத்தா மைதானத்தில் புல் பராமரித்த தொழிலாளியின் மகன் சவுராசியா 2016, 2017 என்று அடுத்தடுத்து 2 முறை வென்றார். கோல்ப் நம்ம ஆளுங்களுக்கு வராது என்பது சுத்த பொய்.

என் தம்பி கதைக்கு வருவோம். அந்த பெரியவரே ஆள் பிடித்து பிளேடு செட்டை 12 ஆயிரத்துக்கு தள்ளி விட்டார். 7 ஆயிரத்துக்கு குண்டு தலை கேவிட்டி பேக் அரை செட் வந்தது. மீதி 5 ஆயிரத்தில் கூரையில் ஒழுகுகிற இடத்துக்கு மட்டும் தகரம் போட்டாச்சு. முழு கூரை அடுத்த சீசனுக்கு.

போன வாரம் போன் செய்தான். ‘அண்ணே, சாக்பீஸ்ல ஆறு நடுவுல விழுது’ என்றான்.