பல் மருத்துவரின் உரிமமும் நமது உரிமையும்

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பல் மருத்துவச் சட்டங்களைப் பற்றிப் பேசியபோது அரங்கில் இருந்த ஒரு தாயார் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, என் மகள் இன்ஸ்டகிராமில் விளம்பரம் பார்த்து ஒரு வீட்டில் போய்ப் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டு வந்தாள். கிளினிக்கில் கேட்கும் விலையில் கால்வாசிதான். இப்போது ஈறு வீங்கிவிட்டது. நான் பல் மருத்துவ மன்றத்தில் புகார் செய்து அந்தப் பெண்ணின் லைசென்சைப் பறிக்க முடியுமா?”

முடியாது. பறிப்பதற்கு அந்தப் பெண்ணிடம் லைசென்சே இல்லை. அரங்கில் சிலர் சிரித்துவிட்டார்கள். ஆனால் அந்தத் தாயாரின் கேள்வி சிரிப்புக்குரியதல்ல. நம்மில் பலர் பல் மருத்துவ மன்றத்தை ஏதோ பல் மருத்துவப் போலீஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நேரக் குறைவால் அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் அதிகாரம் எல்லாம் ஒரு பதிவேட்டைச் சுற்றியே இருக்கிறது. பதிவேட்டில் பெயர் உள்ளவர் தவறு செய்தால் மன்றம் அவரை அழைத்து விசாரிக்கும், தண்டிக்கும். பெயரே இல்லாதவரை ஒழுங்கு விசாரணைக்கு அழைக்க வழியில்லை. அவர் செய்வது தொழில் ஒழுங்கு மீறல் அல்ல, நேரடிக் குற்றம். அமலாக்க அதிகாரிகள் சோதனை நடத்தி, நீதிமன்றத்தில் நிறுத்தித்தான் அவரைத் தண்டிக்க முடியும். மலிவு விலைக்கு ஆசைப்பட்டுப் போகிறவர் பல்லை மட்டும் பணயம் வைப்பதில்லை. பின்னால் முறையிடுவதற்கு இருக்கும் வாசல்களில் முக்கியமான ஒன்றையும் தாமே மூடிவிட்டுப் போகிறார்.

இந்தப் பதிவேட்டுக்குச் சுவையான பழங்கதை ஒன்று உண்டு. நம் நாட்டில் ஒரு காலத்தில் பல் பிடுங்குவதும் கட்டுப்பல் செய்வதும் பட்டம் படிக்காத பலரின் கைத்தொழிலாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தபோது அவர்களை எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட முடியவில்லை. எனவே பதிவேட்டை இரண்டாகப் பிரித்தார்கள். பட்டம் பெற்றவர்கள் முதல் பிரிவு. படிக்காவிட்டாலும் ஏற்கெனவே தொழில் செய்து வந்தவர்கள் இரண்டாம் பிரிவு. அந்த இரண்டாம் பிரிவு அவர்களோடு முடிந்துவிடும் ஏற்பாடாகும். “எங்கள் தாத்தா காலத்தில் படிக்காதவர்தானே பல் பார்த்தார், அவருக்கு மட்டும் எப்படி அனுமதி இருந்தது?” என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

அதன் பின் 1971ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. இப்போது இருப்பது 2018ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டம். அது 2022 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. இதன்படி பதிவு பெறாமல் பல் மருத்துவம் செய்பவருக்கு 300,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 6 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். பல் மருத்துவ நிபுணர்களுக்கும், பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பார்க்கும் பல் சிகிச்சையாளர்களுக்கும்கூட (முன்பு பல் தாதியர் என்று அழைத்தோமே, அவர்கள்தாம்) இச்சட்டத்தில் பதிவு உண்டு. ஆகவே ஒருவர் தம்மை “நிபுணர்” என்று பலகையில் போட்டுக்கொள்வதற்கு மேல்படிப்பு மட்டும் போதாது, நிபுணராகப் பதிவும் பெற்றிருக்க வேண்டும்.

பதிவு என்பது ஒருமுறை செய்வது. தொழில் நடத்தும் சான்றிதழோ ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. டாக்டர்கள் பேச்சு வழக்கில் இதை ஏபிசி என்பார்கள். இது காலாவதியாகிவிட்டால், எவ்வளவு பெரிய பட்டம் பெற்றவராக இருந்தாலும் நோயாளியின் வாயில் கை வைக்கக் கூடாது. புதிய சட்டத்தில் இதைப் புதுப்பிக்க, தொடர்ந்து படித்துப் பயிற்சி பெற்றதற்கான புள்ளிகளும், நோயாளிக்கு இழப்பீடு கொடுக்க நேர்ந்தால் அதற்கான தொழில்முறைக் காப்புறுதியும் தேவை. இந்தக் காப்புறுதி நோயாளிக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஆளுக்கு ஓர் உரிமம் இருப்பதைப் போல இடத்துக்கும் ஓர் உரிமம் உண்டு. பலருக்குத் தெரியாத விஷயம் இது. 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டமும் 2006ஆம் ஆண்டு வந்த அதன் விதிமுறைகளும், ஒவ்வொரு தனியார் பல் கிளினிக்கும் சுகாதார அமைச்சிடம் பதிவு பெற வேண்டும் என்கின்றன. பட்டம் பெற்ற டாக்டரே ஆனாலும் ஹோட்டல் அறையிலோ அழகு நிலையத்திலோ உட்கார்ந்து பல் பார்க்க முடியாது. எக்ஸ்ரே கருவிக்கு 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டப்படி தனி லைசென்ஸ் வேண்டும். ஒரு சிறிய கிளினிக் சுவரில் ஏன் இத்தனை சட்டம் போட்ட காகிதங்கள் தொங்குகின்றன என்று இப்போது விளங்கியிருக்கும். அவை அலங்காரத்திற்காக மாட்டியவை அல்ல. எழுந்து போய்ப் படித்துப் பாருங்கள். எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார். டாக்டரின் பெயரை மன்றத்தின் இணையப் பதிவேட்டிலும் கைத்தொலைபேசி வழியாகவே தேடிப் பார்க்கலாம்.

2017ஆம் ஆண்டில் மலாக்காவில் நடந்த வழக்கு பலருக்கு நினைவிருக்கும். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு பல்லுக்குக் கம்பி பொருத்திய 20 வயதுப் பெண்ணுக்கு 70,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. பதிவு பெறாத பல் கிளினிக் நடத்தினார் என்பதே குற்றச்சாட்டு. அபராதம் கட்ட முடியாமல் சிறை சென்ற அவருக்காகப் பொதுமக்கள் நன்கொடை திரட்ட, சில நாட்களில் அவர் வெளியே வந்தார். ஏழைப் பெண் என்று இரக்கப்பட்டதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடம் கம்பி கட்டிக்கொண்டவர்களின் வாய்க்கு யார் நிதி திரட்டினார்கள் என்ற கேள்வி எனக்கு இன்னமும் உண்டு. கம்பி கட்டுவது நகை மாட்டுவது போன்றதல்ல. பல்லை எலும்புக்குள்ளேயே நகர்த்தும் வேலை அது. அளவு தெரியாமல் இழுத்தால் வேர் கரையும், பல் ஆடும்.

இனி, பதிவு பெற்ற டாக்டரே தவறு செய்தால் என்ன செய்வது? எழுத்து மூலம் மன்றத்திற்குப் புகார் அனுப்பலாம். அரசாங்க கிளினிக்கில் உள்ள டாக்டரும் இதற்கு விதிவிலக்கல்ல. முதலில் பூர்வாங்க விசாரணை நடக்கும். புகாரில் பொருள் இருப்பதாகத் தெரிந்தால் முறையான ஒழுங்கு விசாரணைக்குப் போகும். டாக்டருக்குத் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரப்படும். குற்றம் உறுதியானால் கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யாமல் நிறுத்தி வைக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம்.

அடைத்த பல் மீண்டும் விழுந்துவிட்டது என்பதெல்லாம் ஒழுங்கு மீறல் ஆகாது. மருத்துவத்தில் பலன் தவறுவது வேறு, நடத்தை தவறுவது வேறு. கருவிகளைச் சுத்திகரிக்காமல் அடுத்தவர் வாயில் வைப்பது, பார்க்காமலே எம்சி எழுதிக் கொடுப்பது, நோயாளியின் சம்மதம் பெறாமல் பல்லைப் பிடுங்குவது போன்றவை நடத்தை சம்பந்தப்பட்டவை. இவை எல்லாவற்றிலும் மோசமானது, பதிவு இல்லாத உதவியாளரை விட்டுச் சிகிச்சை செய்யச் சொல்லிவிட்டுத் தம் பெயரை மட்டும் பலகையில் வைத்துக்கொள்வது. திருடனுக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்த கதைதான்.

“மன்றத்தில் இருப்பவர்களும் பல் மருத்துவர்கள்தானே, தம் இனத்தைத் தாமே தண்டிப்பார்களா?” என்று ஒரு நேயர் கேட்டார். நியாயமான ஐயம். ஒரு வேர் சிகிச்சை ஒழுங்காகச் செய்யப்பட்டதா என்பதை இன்னொரு பல் மருத்துவரால்தான் சரியாகச் சொல்ல முடியும் என்பதும் உண்மை. எனினும் பொதுமக்கள் தரப்பின் குரல் இன்னும் ஓங்கி ஒலிக்க இடம் வேண்டும் என்பதே என் கருத்து.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மன்றம் உங்களுக்கு இழப்பீடு வாங்கித் தராது. டாக்டரின் பெயரையே நீக்கினாலும் நீங்கள் கட்டிய பணம் திரும்பாது. சரி, பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்பீர்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், மருத்துவத் தொழிலர்கள் வழங்கும் சுகாதாரச் சேவைகளைத் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. பழுதான ஐஸ்பெட்டிக்குக் குறைந்த செலவில் அங்கே நியாயம் கேட்கலாம். பழுதான பல்லுக்குக் கேட்க முடியாது. இது திருத்தப்பட வேண்டிய குறை என்றே நான் கருதுகிறேன். இப்போதைக்கு டாக்டரோடு பேசித் தீர்ப்பது, இல்லையேல் சிவில் நீதிமன்றம் போவது என்ற இரண்டு வழிகளே உள்ளன. முன்பு சொன்ன காப்புறுதி கைகொடுப்பது இங்கேதான். வழக்கில் நீங்கள் வென்றால் பணம் வரும் இடம் அது. வீட்டில் கம்பி கட்டுபவரிடம் அது கிடையாது.

நீதிமன்றம் போக நினைப்பவர்கள் காலக்கெடுவைக் கவனிக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் தனியார் கிளினிக் மீது வழக்குத் தொடர 6 ஆண்டு அவகாசம். அரசாங்க கிளினிக் என்றால் 36 மாதங்கள்தாம். இந்த வித்தியாசம் தெரியாமல், மேலதிகாரிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே காலத்தைக் கழித்து வாய்ப்பை இழக்க நேரிடலாம்.

சம்மதம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சிகிச்சையில் உள்ள ஆபத்தை எந்த அளவுக்கு நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்பதை டாக்டர்களின் வழக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அந்த நோயாளிக்கு எது முக்கியம் என்பதையும் பார்க்க வேண்டும் என்று நமது கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அது முதுகுத்தண்டு அறுவை பற்றிய வழக்கு. ஆனால் அதே கொள்கை பல் நாற்காலிக்கும் பொருந்தும். கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுக்கும்போது அருகிலுள்ள நரம்பு பாதிக்கப்பட்டு உதடு மரத்துப்போக வாய்ப்பு உண்டு. இதைச் சொல்லாமல், அவசரமாக ஒரு பாரத்தில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டால் அது முழுமையான சம்மதம் ஆகாது. எனவே “இதில் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, எவ்வளவு செலவாகும்?” என்று நாற்காலியில் சாயும் முன்பே கேளுங்கள்.

பிள்ளைகளைப் பல் மருத்துவம் படிக்க இந்தியாவுக்கோ இந்தோனேசியாவுக்கோ அனுப்பும் பெற்றோருக்கும் இதில் செய்தி உண்டு. “இந்தியப் பட்டம் செல்லும்” என்று ஏஜெண்டு பொதுவாகச் சொல்வதை நம்பாதீர்கள். நம் நாட்டில் அங்கீகாரம் நாட்டுக்கல்ல, குறிப்பிட்ட கல்வி நிலையத்தின் குறிப்பிட்ட பட்டத்துக்குத்தான். பட்டியலில் இல்லாத இடத்தில் படித்துத் திரும்புபவர் இங்கு தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டியிருக்கும். முன்பணம் கட்டும் முன் மன்றத்திடமே விசாரித்துக்கொள்வது நல்லது.

அந்தத் தாயாருக்கு நான் சொன்ன வழி இதுதான். முதலில் மகளை அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று கம்பியைக் கழற்றி ஈற்றுக்கு மருந்து பாருங்கள். நீங்களே குறடு வைத்து இழுக்காதீர்கள். டாக்டரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, வாயின் நிலையை அறிக்கையாக எழுதி வாங்குங்கள். பிறகு அந்த விளம்பரத்தின் படம், வாட்சாப் உரையாடல், பணம் செலுத்திய ரசீது, வீட்டு முகவரி ஆகியவற்றோடு மாநிலச் சுகாதார இலாகாவில் புகார் கொடுங்கள். உரையாடலைக் கோபத்தில் அழித்துவிட வேண்டாம். அந்த விளம்பரக் கணக்கு நாளையே காணாமல் போகலாம். உங்கள் தொலைபேசியில் உள்ள பிரதிதான் அதிகாரிகளுக்கு முதல் ஆதாரம்.